பதின்மூன்றாவது திரவம்

என் பசையால் எஃகுத் தகட்டில் ஒட்டிய லேபிளைப் பன்னிரண்டு திரவங்களில் ஊற வைத்தோம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தின்னர், அசிட்டோன், டொலுவீன் என்று பட்டியல் போகும். கடைசியில் உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும். எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து, இயந்திரத்தின் கவ்வியில் மாட்டி இழுப்போம். லேபிள் கிழிந்தது. ஒருமுறை எஃகுத் தகடு வளைந்தது. பசை விடவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர் தேவநாதன் சார் வளைந்த தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சங்கவி, இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்குப் பதில்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தெருக்களில் எல்லா வீட்டு வாசலிலும் நீல டிரம் நிற்கும். அது முதலில் எதைச் சுமந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஏதோ ஒரு கம்பெனிக்கு ரசாயனம் வந்த டிரம் அது. பழைய சாமான் வியாபாரி தின்னரால் லேபிளைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி விற்பார். என் அப்பாவும் ஒன்று வாங்கினார். என் தம்பி கிரிக்கு அப்போது ஆறு வயது. எங்கள் டிரம்மில் லேபிளின் ஒரு துண்டு துடைக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரி அதை நகத்தால் சுரண்டி விளையாடுவான். அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களில் யாரும் படிக்கவில்லை.

எங்கள் தெருவில் மட்டும் பதினொரு பிள்ளைகள். எல்லோருக்கும் சிறுநீரகம் கெட்டது.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ரசாயன டிரம் ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள். நான்கு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், வலது கீழ் மூலை வெட்டப்பட்டிருக்கும். உள்ளே அரிசி மணியளவு சில்லு. அழுத்தி ஒட்டினால்தான் சில்லு விழிக்கும். விழித்தவுடன் ஒரு டிரம் பிறந்ததாகப் பதிவாகும். பிறகு அது எங்கே போனாலும் தெருக் கம்பங்களிலும் வாசல்களிலும் உள்ள ரீடர்கள் கேட்கும், சில்லு பதில் சொல்லும். அந்த டிரம்மைப் பேருந்தில் ஏற்ற முடியாது. அதற்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கதவு திறக்காது. கடைசியில் அது டிரம்களை எரிக்கும் சூளைக்குப் போக வேண்டும். சூளை வாயில் உள்ள ரீடர் அதைப் படித்து, நெருப்புக்குள் போனதும் பதில் நின்றால்தான் பதிவு மூடப்படும்.

எல்லாம் சரியாக யோசிக்கப்பட்டிருந்தது, பசையைத் தவிர. வியாபாரிகள் லேபிளைத் தின்னரால் உரித்து வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு டிரம்மை விற்றார்கள். சுவர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே எதிலும் கரையாத பசை வேண்டியிருந்தது. நான் அதைச் செய்தேன். மூன்று வருடம் ஆனது.

*

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆலை. அங்கே லேபிள் அடிக்கும் வரிசையில் எஸ்தரக்கா பத்தொன்பது வருடமாக இருக்கிறார். ஆரம்பாக்கத்துக்காரர். பெரிய குரல். வரிசை நின்றால் இயந்திரத்தைத் திட்டுவார், ஓடினால் மேனேஜரைத் திட்டுவார்.

புது ரோல் மாட்டினால் முதல் லேபிள் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அதை எஸ்தரக்கா வீணாக்க மாட்டார். இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டி, எழுத்தின் மேல் கட்டைவிரலால் மூன்று தடவை தேய்ப்பார். மை கலைகிறதா, ஓரம் தூக்குகிறதா என்று விரலுக்கே தெரிந்துவிடும். பிறகு உரித்து இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுவார். அந்தப் பக்கம் முழுக்க முதல் லேபிள்கள், செதில் செதிலாக. இது முடிந்து அவர், "ம், ஓடட்டும்" என்றால்தான் வரிசை ஓடும். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் எல்லா ஊர் ஆலைகளிலும் லேபிள் வரிசைப் பெண்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

புதிய பசையின் முதல் ரோல் மாட்டிய காலையில் நான் அங்கே இருந்தேன். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். சட்டத்தை நடத்தும் வாரியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தது.

"இன்னா மேடம், முகத்துல ஒரு சிரிப்பு வேணாமா? உங்க புள்ள மாதிரி இது" என்றார் எஸ்தரக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

முதல் லேபிள் வெளியே வந்தது. எஸ்தரக்கா அதை எடுத்து மணிக்கட்டுக்குக் கொண்டு போவதைப் பார்த்தேன். 'வேண்டாம்' என்ற சொல் என் வாய் வரை வந்தது. உரக்கச் சொல்லியிருந்தால் போதும். கூட்டத்தில் உரக்கப் பேசி எனக்குப் பழக்கமில்லை. யாராவது சொல்வார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அவர் அழுத்திவிட்டார். மூன்று தடவை தேய்த்தார்.

"ம், ஓடட்டும்."

சுவரில் இருந்த திரையில் ஒரு எண் விழுந்தது. புதிய பசையின் முதல் டிரம் பிறந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எஸ்தரக்கா நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"மேடம், வர மாட்டேங்குதே."

அதிகாரிகளில் ஒருவர், "அப்ப வேலை செய்யுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரக்காவும்தான்.

*

அன்று மாலை ஊழியர் பேருந்தின் படியில் எஸ்தரக்கா கால் வைத்ததும் கதவு மூடிக்கொண்டது. "அபாயப் பொருள். ஏற்ற அனுமதி இல்லை" என்றது பேருந்து. டிரைவர் இறங்கி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். கதவு மறுபடி அதையே சொன்னது.

மறுநாள் காலை எஸ்தரக்காவை அவருடைய கணவர் மரியதாஸ் வண்டியில் பின்னால் வைத்துக் கொண்டுவந்து விட்டார்.

"வழியில போலீசு புடிச்சுட்டான் மேடம். டிரம்மை ரெண்டு சக்கர வண்டியில ஏத்தக் கூடாதாம். இவரு, 'டிரம் இல்ல சார், பொண்டாட்டி'ங்கறாரு. 'மெஷின்ல டிரம்முன்னுதான் வருது'ங்கறான். உடம்பைப் பாத்தா எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது."

நான் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். லேபிளில் எழுத்து தெளிவாக இருந்தது. டொலுவீன். இருநூறு லிட்டர். தீப்பற்றும். சூளைக்கு அனுப்ப வேண்டிய கடைசித் தேதி, இன்றிலிருந்து மூன்று வருடம்.

"தேதி பாத்தீங்களா? என் கல்யாணப் பத்திரிகையில கூட இவ்ளோ தெளிவா போடல."

"அக்கா, அலுவலகத்துல பேசுறேன். பதிவை ரத்து பண்ணச் சொல்றேன்."

"அவங்க நேத்தே பேசிட்டாங்க. ரத்து பண்ண முடியாதாம். ரத்து பண்ண வழி இருந்தா வியாபாரியும் ரத்து பண்ணுவானாம்." அவர் கையைத் திருப்பிக்கொண்டார். "வெயில்ல தோல் உரியுதுல்ல? அப்ப இதுவும் சேந்து உரிஞ்சு வந்துடும்ல?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். நல்லவேளையாக அல்லது கெட்டவேளையாக உடனே தெரியும்.

"வராதுக்கா. துருப்பிடிச்ச டிரம்லயும் நிக்கணும்னு செஞ்சது. மேல இருக்கிறது உதிர்ந்தா பசை மெதுவா கீழ ஓடி, அடுத்ததைப் பிடிச்சுக்கும்."

"ஓடுமா?"

"தேன் மாதிரி. அதைவிட ரொம்ப மெதுவா."

அவர் கட்டைவிரலால் லேபிளின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சுருக்கீங்க" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. வரிசைக்காரியின் குரல்.

சில்லு பேசாமல் இருக்க மணிக்கட்டில் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்துப் பார்த்தார். பத்து நிமிடம் எந்தக் கம்பத்துக்கும் பதில் சொல்லாத டிரம் சட்டப்படி திருட்டுப்போன டிரம். முகமூடி போட்ட இரண்டு பேர் ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு வந்து டிரம் எங்கே என்று கேட்டார்கள். அவர் தாளை உருவிவிட்டுக் கையை நீட்டினார். அவர்கள் ரீடரை வைத்துப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து, படிவத்தில் 'டிரம் உள்ளது, சேதமில்லை' என்று எழுதி, இன்னொரு தடவை பதில் நின்றால் சிறை என்று எச்சரித்துக் கையெழுத்து வாங்கிப் போனார்கள்.

தோலோடு வெட்டி எடுக்கலாமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் கதவு திறக்காததால் அவர் வெளியே மரத்தடிக்கு வந்து பார்த்தார். லேபிளை வெட்டினால் ஐந்து வருடச் சிறை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

வாரியத்துக்குக் கம்பெனி ஒரு மனு அனுப்பியது. டிரம் என்ற வகைக்குள் மனிதர்களுக்கு விலக்கு அளிக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு தகவலும் சொன்னார்கள். இதேபோன்ற மனுக்கள் ஒசூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்துள்ளன. மொத்தம் ஒன்பது. ஒன்பதும் பெண்கள்.

*

"மேடம், எதுலயுமே வராதா?" என்று எஸ்தரக்கா ஒருநாள் கேட்டார். அவர் மகள் ஜெபாவுக்கு அப்போது எட்டாவது மாதம்.

"வராதுக்கா" என்றேன்.

அது பொய்.

ஆய்வுக்கூடத்தில் சாப்பிடக் கூடாது. ஆனால் கேன்டீனில் எல்லோருக்கும் நடுவில் உட்கார எனக்குக் கூச்சம். உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் யாரும் இல்லாதபோது சாப்பிட்டுவிடுவேன். பசையின் இரண்டாம் வருடம், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், என் டிபன் பாக்ஸிலிருந்து புளிக்குழம்பு ஒரு சோதனைத் தகட்டின் மேல் கொட்டிவிட்டது. காலடிச் சத்தம் கேட்டுத் தகட்டை அடுப்புக்குப் பின்னால் தள்ளினேன். பிறகு மறந்துபோனேன். ஐந்து நாள் கழித்து வந்தபோது லேபிள் தகட்டின் மேல் சும்மா கிடந்தது, உதிர்ந்த மீன் செதில் போல.

வெறும் புளித் தண்ணீரில் மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் வந்தது. தகடுகளைக் கழுவி வைத்தேன். நோட்டில் எழுதவில்லை.

புளி இல்லாத வீடு கிடையாது. அதுதான் காரணம்.

எஸ்தரக்காவிடம் பொய் சொன்ன அன்று நான் தேவநாதன் சாரின் அறைக்குப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றேன்.

"சார், ஒண்ணுல வருது."

"எது?"

"பசை. ஒரு திரவத்துல வருது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சொன்னேன்.

"புளியா?" என்றார்.

"பசையோட சங்கிலியை எல்லாம் கோர்த்து வெச்சிருக்கிறது அலுமினியம் சார். புளியில இருக்கிற அமிலம் அதைப் பிடுங்கிக்குது. பித்தளை விளக்குல புளி தேய்க்கிறோமே, அந்த மாதிரி. ஆனா மூணு நாள் வெதுவெதுன்னு இருக்கணும். பச்சைத் தண்ணியில நடக்காது."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"சரி. என்கிட்டயும் சொல்லல."

"எஸ்தரக்கா..."

"உக்காரு சங்கவி." நான் உட்கார்ந்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தம்மாவுக்குச் சம்பளம் நிக்காது. மூணு வருஷம் வேலைக்கே வர வேணாம்னு எம்.டி. சொல்லிட்டார். வாரியத்துல மறுபடி பேசுறோம். ஆனா ஒரு கையில இது கழண்டுச்சுன்னா, எப்படிக் கழண்டுச்சுன்னு நாலு பேர் கேப்பான். அதுல ஒருத்தன் பழைய சாமான் வியாபாரியா இருப்பான். உன் தெருவுல எத்தனை புள்ளைங்க?"

அவருக்கு என் தெரு தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பதினொண்ணு சார்."

"உன் தம்பியைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

நான் எழுந்து வந்தேன். சேர்த்துத்தான்.

*

நவம்பரில் ஜெபாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம், மூடிய மருந்துக் கடையின் தகரத்துக்குக் கீழே எஸ்தரக்கா நின்றிருந்தார். கையில் தூக்கு. கேட்டுக்குள் போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் நின்றார்கள். பலர் அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை வந்தீங்க மேடம். கஞ்சி ஆறிடும். மூணாவது மாடி, கடைசிக் கட்டில். குடுத்துட்டு, அவ பக்கத்துல ரெண்டு நிமிசம் இருந்துட்டு வாங்க. பக்கத்துக் கட்டில்காரிங்களுக்கெல்லாம் அம்மா கூட இருக்குறாங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"ஆம்பளைங்களை அந்த வார்டுல விடமாட்டாங்க. கேட்டுல உக்காந்துருக்காரு."

தூக்கை வாங்கிக்கொண்டு போனேன். கதவு எனக்குத் திறந்தது. ஜெபா ஒல்லியாக இருந்தாள். முகம் மட்டும் வீங்கியிருந்தது. கஞ்சியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அம்மா எங்க நிக்கிறாங்க அக்கா?"

"எதிர்ல. மருந்துக் கடைகிட்ட."

அவள் மெல்ல எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கீழே எஸ்தரக்கா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். ஜெபா கையசைத்தாள். அவர் அதற்குள் வேறு ஜன்னலுக்குப் போயிருந்தார்.

"டாக்டர் இந்த வாரத்துல எடுத்துடலாம்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குது" என்றாள் ஜெபா. "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் கீழே இறங்கி வந்து, ரோட்டைக் கடந்து, தகரத்தின் கீழே எஸ்தரக்கா பக்கத்தில் நின்றேன்.

"குடிச்சாளா?"

"குடிப்பா." பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். "அக்கா, வீட்டுல புளி இருக்குதா?"

*

புளியைக் கெட்டியாகக் கரைத்து, துணியை அதில் நனைத்து, மணிக்கட்டில் கட்டி, மேலே வெந்நீர்ப் பை. ஆறினால் மாற்ற வேண்டும். மூன்று நாள். ஜெபாவுக்குப் புதன்கிழமை மாலை நாள் குறித்திருந்தார்கள். புதன் காலை எஸ்தரக்கா எனக்குப் போன் செய்தார். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "ரசம் வாசனை வருது மேடம் கையில" என்றார்.

கழன்ற லேபிள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் நான் வழி சொன்னேன். ஆலையிலிருந்து வாரம் ஒருமுறை காலி டிரம்கள் சூளைக்குப் போகும். அதில் ஒன்றின் மூடியைத் திறந்து லேபிளை உள்ளே போட்டுவிட வேண்டும். ரீடர் இரண்டு டிரம் என்று படிக்கும். நெருப்புக்குள் இரண்டும் அடங்கும். கதவுகள் அதுவரை காத்திருக்காது என்பதால் அன்று லேபிளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வீட்டுச் சாமான் அறையின் மூலையில், தெருக் கம்பத்துக்கு அதன் பதில் கேட்கிற இடத்தில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கதவு திறந்தது. ஆண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். ரூபன் என்று பெயர் வைத்தார்கள்.

"இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா" என்று சொல்லியிருந்தேன். "யார்கிட்டயும்னா யார்கிட்டயும்."

"என் பேரப்புள்ள மேல..." என்று அவர் கையைத் தூக்கினார்.

"புள்ள மேல எல்லாம் வேண்டாம்" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாமல் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. நான்கு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது.

எப்படிக் கழன்றது என்று ஆலையில் கேட்டவர்களிடம் எஸ்தரக்கா, 'ஜெபம் பண்ணினேன்' என்று சொன்னார். தேவநாதன் சார் என்னைக் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

ஏப்ரல் கூட்டத்தில் அவர் ஒரு வரைபடம் காட்டினார். சூளைகளில் எரிக்கப்பட்ட டிரம்களின் எண்ணிக்கை. கோடு பல மாதங்கள் தரையோடு போய், பிப்ரவரியில் நிமிர்ந்து ஏறியது.

"ரெண்டு மடங்கு. சட்டம் ஒழுங்கா வேலை செய்யுது" என்றார். பிறகு பல மாதத்துக்குப் பின் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "சங்கவியோட பசை" என்றார்.

கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம்கூடச் சொன்னேன்.

*

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரூபனுக்கு ஞானஸ்நானம். சர்ச்சிலிருந்து வந்து வீட்டு முன்னால் பந்தலில் சாப்பாடு. ஐம்பது அறுபது பேர். எஸ்தரக்கா பட்டுப்புடவையில் எல்லா இலைக்கும் போய், வைக்க வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்னா கோழி கொத்துற மாதிரி? நல்லா சாப்புடுங்க. உங்களால வந்த விசேசம் இது" என்று என் காதோரம் சொன்னார்.

ரூபன் வெள்ளைச் சட்டையில் மரியதாஸ் தோளில் கிடந்தான். அழாத பிள்ளை.

"ரொம்ப சாது" என்று பக்கத்து இலைக்காரப் பெண்மணி சொன்னார். "ரெண்டு வாரமா கொஞ்சம் சோர்ந்துருக்கான். பல்லு மொளைக்குது போல."

கை கழுவ எழுந்தேன். பந்தலுக்கு முன்னால் குடம் வைத்திருந்த இடத்தில் கூட்டமாக இருந்தது. நான் வழக்கம்போலக் கூட்டம் இல்லாத பக்கம் போனேன். வீட்டுப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி இரண்டு நீல டிரம்கள். புதிது போலச் சுத்தமாக இருந்தன. லேபிள் எதுவும் இல்லை. மேலே வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் சொம்பு கவிழ்த்திருந்தது. குடிக்கிற தண்ணீர்.

கை கழுவினேன். சொம்பு நழுவிச் சுவருக்கும் டிரம்முக்கும் இடையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது டிரம்மின் பின்பக்கம் தெரிந்தது.

வெயில் பட்டு வெளுத்த நீலத்தின் நடுவில் வெளுக்காத நீலத்தில் ஒரு செவ்வகம். வலது கீழ் மூலை வெட்டுப்பட்டிருந்தது. இரண்டாவது டிரம்மிலும் இருந்தது.

பிப்ரவரியில் நிமிர்ந்த அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. எரிந்தவை டிரம்கள் இல்லை, வெறும் லேபிள்கள்.

பக்கவாட்டு ஜன்னல் வழியாகச் சமையலறை தெரிந்தது. ஜெபா ஒரு டம்ளரில் பால் பொடி கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி டம்ளரில் படும் சத்தம் கேட்டது.

"எஸ்தரக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"எஸ்தரக்கா!"

பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். இலைகளுக்கு மேல் கைகள் நின்றன.

"அந்தத் தண்ணியைக் குடுக்காதீங்க. ஜெபா, குடுக்காத! யாரும் குடிக்காதீங்க!"

கரண்டிச் சத்தம் நின்றது. எஸ்தரக்கா சாம்பார் வாளியோடு ஓடி வந்தார்.

"இன்னா மேடம்? இன்னா ஆச்சு? பல்லி விழுந்துருச்சா?"

"இந்த டிரம் எங்க வாங்குனீங்க?"

"சந்தையில இவரு வாங்குனாரு. நல்ல டிரம் மேடம். நான் பாக்காம விடுவேனா? லேபிளே இல்ல பாருங்க. உங்க பசை வந்தப்புறம் லேபிள் இல்லாத டிரம்முன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு ஊரே சொல்லுது. அதை நம்பித்தான..."

"பின்னாடி பாருங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். சுவரோரம் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் அந்தச் செவ்வகத்தைத் தேய்த்தார்.

"எப்ப இருந்துக்கா?"

"ஈஸ்டர்ல இருந்து."

ஏழு வாரம். மனத்துக்குள் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. எடை, நாள், எத்தனை டம்ளர்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்திகிட்டதான்." குரல் சுவரிடம் பேசுவது போல இருந்தது. "ஒசூர்க்காரி. அவளும் முதல் லேபிள் கையில ஒட்டுனவ. குறை மாசத்துல பொறந்த புள்ளை கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குது மேடம். பால் குடுக்கப் போனா கதவு தொறக்கல. போன்ல அழுதா. ஒருத்திகிட்டதான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் சொன்னேன்."

நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ஜெபா டம்ளரைக் கையில் பிடித்தபடி பின்வாசலில் வந்து நின்றாள். மரியதாஸ் பிள்ளையோடு வந்தார். யாரோ, "ஆட்டோவைக் கூப்புடு" என்றார்கள். யாரோ, "ஒண்ணும் இருக்காது" என்றார்கள். ரூபன் தாத்தாவின் தோளில் கண்ணை மூடிக் கிடந்தான்.

எஸ்தரக்கா இடது கையை நீட்டி, உள்பக்கம் வெளியே தெரிய மணிக்கட்டை டிரம்மின் மேல் வைத்தார். வெளுத்த தோல் அந்தக் கருநீலச் செவ்வகத்தின் மேல் வெட்டுப்பட்ட மூலை வரைக்கும் பொருந்தியது. ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை கூப்பிட்டேன். அவர் கையை எடுக்கவில்லை.